பூங்கா இடத்து வழக்கில் குடியிருப்போர் சங்கம் சேர முடியுமா?

கேள்வி: எங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் அடுக்குமாடி கட்ட, மனைப்பிரிவு போட்டவரே அனுமதி கேட்டார். நகராட்சி மறுத்துவிட்டது. இப்போது அந்த இடம் தன்னுடையது என்று விளம்புகை (நீதிமன்றம் உரிமையை அறிவிக்கும் தீர்ப்பு) கேட்டு நகராட்சி மேல் உரிமையியல் வழக்குப் போட்டிருக்கிறார். நகராட்சி வழக்கறிஞர் இரண்டு வாய்தாவாக ஆஜராகவில்லை. சமரசம் பேசுவதாகவும் கேள்வி. பதிவு பெற்ற எங்கள் சங்கம் இதில் சேரலாமா? ‘உங்களுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை’ என்கிறார்கள்.

பதில்: சேரலாம். ஆனால் சங்கம் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் உள்ளே விடாது.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 10(2)-இன்படி, வழக்கின் எந்தக் கட்டத்திலும் ஒருவரைத் தரப்பினராகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இம்பிளீட் மனு என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். யார் மேல் வழக்குப் போடுவது என்பது வாதியின் விருப்பம் என்பதுதான் பொது விதி. அதைத்தான் எதிர்த்தரப்பு உங்களிடம் சொல்கிறது. அதை மீறி நீங்கள் உள்ளே வர வேண்டுமானால், நீங்கள் இல்லாமல் தீர்ப்பே சொல்ல முடியாது என்று காட்ட வேண்டும். அல்லது பிரச்சினையை முழுமையாகத் தீர்க்க நீங்கள் இருப்பது தேவை என்றாவது காட்ட வேண்டும். மும்பை சர்வதேச விமான நிலைய வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் விளக்கிவிட்டு, சேரக் கேட்ட நிறுவனத்தை வெளியிலேயே நிறுத்தியது. ஆகவே மனு போட்டாலே கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பல சங்கங்கள் தவறுவது மனுவில் எழுதும் காரணத்தில்தான். நெரிசல் வரும், தண்ணீர் போதாது, காற்று அடைபடும் என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். எல்லாமே உண்மையாக இருக்கும். ஆனால் இந்த வழக்கில் நீதிபதி முன் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த இடம் யாருடையது, எதற்கு ஒதுக்கியது? அந்தக் கேள்வியில் உங்களுக்கு நேரடியான சட்ட உரிமை இருக்கிறது. பூங்கா காட்டிய வரைபடத்தை நம்பித்தான் ஒவ்வொருவரும் மனை வாங்கினீர்கள். உங்கள் கிரையப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வரைபட அங்கீகார எண்ணே அதில் இருக்கும். மனுவை அதன் மேல் கட்டுங்கள்.

அதனால் சங்கம் மட்டும் மனு போடுவதை நான் ஏற்கமாட்டேன். ‘மனை வாங்கியது சங்கமா?’ என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கேட்கும். பூங்காவை ஒட்டி வீடு உள்ள இரண்டு மூன்று உரிமையாளர்களும் சொந்தப் பெயரில் மனுதாரர்களாகட்டும். சங்கம் கூடவே நிற்கட்டும். அதற்குப் பொதுக்குழுத் தீர்மானமும், பைலாவில் (சங்க விதிகளில்) வழக்கு நடத்தும் அதிகாரமும் வேண்டும்.

தீர்ப்புகளும் துணைக்கு உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்களே போனார்கள். அவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு, ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடுப்பியில் குடியிருப்புப் பகுதியில் திரையரங்கம் கட்ட அனுமதித்த வழக்கிலும், 1974-இல், குடியிருப்போரின் உரிமை பாதிக்கப்படுவதை ஏற்றது. இவை ரிட் வழக்குகள், அதாவது அரசு அமைப்புகளின் செயலை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடுபவை; உங்களுடையதுபோல உரிமையியல் வழக்குகள் அல்ல. ஆனாலும் ‘உங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்ற வாதத்துக்கு நேரான பதில் இவற்றில் இருக்கிறது.

சேர்க்க மறுத்தால்? அதே கட்டளை 1-இல், 1976 திருத்தத்தில் வந்த விதி 8ஏ இருக்கிறது. பொதுநலனுக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதினால், சட்டக் கேள்வியில் அக்கறையுள்ள குழு தன் கருத்தைச் சொல்ல அனுமதிக்கலாம். ஆனால் அது கருத்துச் சொல்லும் இடம்தான். தரப்பினருக்குரிய பிடி கிடைக்காது. மனை உரிமையாளர்கள் தனியாக நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டு, இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கோருவதே வலுவான வழி. உங்களைச் சேர்க்காமல் வரும் தீர்ப்பு சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் அதைக் காட்டி அனுமதி வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டால், அப்புறம் நீங்கள் எந்த நீதிமன்றம் போனாலும் மலையேறுவது மாதிரிதான்.

எனக்குப் பெரிய கவலை அந்தச் சமரசப் பேச்சுதான். பூங்கா இடத்தை விட்டுக்கொடுக்க நகராட்சிக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடலாம். ஆனால் அதைச் சொல்ல யாராவது நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். சமரசத் தீர்ப்பு பதிவாகிவிட்டால் சேர்வதற்கு வழக்கே இருக்காது. அதற்குப் பிறகு அனுமதி பெற்று மேல்முறையீடு, தனி வழக்கு என்று நீண்ட தூரம் அலைய வேண்டிவரும்.

எனவே இந்த வாரமே அடுத்த வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் தளத்தில் பாருங்கள். வழக்குரையின் (வாதி தாக்கல் செய்த மனுவின்) நகலுக்கு நீதிமன்றத்தில் விண்ணப்பியுங்கள். அங்கீகார வரைபடத்தையும், பூங்காவையும் சாலைகளையும் மனைப்பிரிவு போட்டவர் நகராட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக்கொடுத்தாரா என்ற தகவலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்காகக் காத்திருக்காமல், தானப்பத்திரம் உண்டா என்று வில்லங்கச் சான்றில் இப்போதே தேடுங்கள். கிரையப் பத்திரங்களும் தீர்மானமும் கையில் இருந்தால் அடுத்த வாய்தாவுக்கு முன்பே இம்பிளீட் மனுவைத் தாக்கல் செய்துவிடலாம். மற்ற ஆவணங்களைக் கூடுதல் பிரமாணப் பத்திரத்தோடு பின்னால் கொடுத்துக்கொள்ளலாம்.