கோலா சிலாங்கூரில் உள்ளான்கள் கண்ணில் படவில்லையா?

விடியற்காலை இல்லை, கடல் ஏறும் நேரம்தான் முக்கியம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து இருட்டோடு கிளம்பியும் இயற்கைப் பூங்காவில் சேற்றில் இரை தேடும் கரைப்பறவையான உள்ளான் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். அநேகமாக அப்போது கடல் வற்றியிருக்கும். வற்றினால் முகத்துவாரச் சேறு வெகுதூரம் திறந்து கிடக்கும், பறவைகள் அங்கே மேயப் போய்விடும். தண்ணீர் ஏறினால்தான் கரைப்பக்கம் ஒதுங்கும்.

கிள்ளான் துறைமுகத்து ஏற்றவற்று அட்டவணையைப் பாருங்கள். சில நிமிடங்கள் முன்பின் இருக்கும், பரவாயில்லை. உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பழுப்பு உடம்பு, பளிச்சென்ற செங்கால், பறக்கும்போது இறக்கை ஓரத்தில் வெள்ளைப் பட்டை: அது பவளக்காலி என்ற உள்ளான் வகை.

ஆனால் ஜூன், ஜூலை என்றால் அட்டவணையும் உதவாது. பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும். செப்டம்பர் முதல் மார்ச் வரை பாருங்கள். அப்புறம், கொசு மருந்து இல்லாமல் கண்டல் காட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.