கொல்லையில் பாழடைந்த நீச்சல் குளம்: சேமிப்பை உடைத்துச் சரிசெய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றேன். காட்பாடி காந்தி நகரில் 2011இல் வாங்கிய பழைய வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். முன்பு இருந்தவர் கொல்லையில் 8 மீட்டருக்கு 4 மீட்டரில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தார். நாங்கள் அதில் இறங்கியதே இல்லை. டைல்ஸ் பெயர்ந்து, மழைத் தண்ணீர் பாதி தேங்கி, பாசி பிடித்துக் கிடக்கிறது. பின்பக்கச் சுவரும் சாய்ந்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 14.5 லட்சம் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்: குளத்துக்கு 9.8, சுவர், தரை, புல்வெளி, விளக்குக்கு 4.7. அதன் பிறகு மாதம் 6,000 ரூபாய்க்குப் பராமரிப்பு ஒப்பந்தம். அமெரிக்காவில் இருக்கும் மகன் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறான். பிள்ளைகள் லீவுக்கு வந்தால் குளிக்கட்டும் என்கிறான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் என் பெயரிலும் மனைவி பெயரிலும் தலா 15 லட்சம், வங்கியில் எஃப்.டி. 8 லட்சம், மனைவியின் நகை 40 பவுன் இருக்கிறது. திட்டத்தில் ஒரு கணக்கை முடித்துப் பணம் எடுக்கலாமா, நகைக் கடனா, வீட்டுக் கடனா? மனைவியோ, 'மண்ணைக் கொட்டி வாழை வையுங்கள்' என்கிறாள். (வருமானம்: வட்டி மாதம் 20,500, பி.எஃப். பென்ஷன் 4,800, மாடி வாடகை 12,000. செலவு 36,000.)

பதில்: கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கேட்க வேண்டிய எண்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கூட்டிப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் வருமானம் 37,300, செலவு 36,000. மாதம் மிஞ்சுவது 1,300 ரூபாய்.

இப்போது ஒரு கணக்கை முடித்தால் என்ன ஆகும்? 8.2% வட்டியில் 15 லட்சம் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய் தருகிறது, அதாவது மாதம் 10,250. அது நின்றுவிடும். இந்தத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க வழியில்லை, முழுக் கணக்கையும்தான் முடிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்தால் அசலில் 1%, உங்களுக்கு 15,000 ரூபாய், பிடித்துக்கொள்வார்கள். அந்த 15,000 பெரிய விஷயம் இல்லை. மாதா மாதம் வருவது நிற்பதுதான் விஷயம்.

அடுத்தது குளத்தின் சம்பளம். ஆம், சம்பளம்தான், நீச்சல் குளம் என்பது வாங்கி வைக்கும் பொருள் இல்லை, மாதா மாதம் கூலி கேட்கும் ஆள். ஒப்பந்தம் 6,000. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட், இரண்டு மாத பில்லில் 270 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விலையும் ஏறும். மின்சாரத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் குளம் பிடிப்பது 38,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று வந்தாலும் நிறையாது. நம் ஊர் வெயிலில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால்கூட 192 லிட்டர் காற்றில் போகும், மாதத்துக்கு அரை லாரி.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பார்த்தோம், ஆனாலும் நாம் குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர்தான் குழாயில் வர வேண்டியிருக்கிறது. தோல் தொழிலில் இருந்த உங்களுக்கு இந்தப் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து புது டைல்ஸும் வெளுத்துப்போகும்.

ஆக, வட்டியில் 10,250 குறைந்து, செலவில் 7,000, தண்ணீரோடு 8,000 கூடும். 37,300 வருமானத்தில் 18,000 ஓட்டை. இதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடனுக்கு வருவோம். 10 லட்சம், 9%, எட்டு ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 14,650. 63 வயதில் அதற்கு மேல் தவணைக் காலம் கிடைப்பதும் கஷ்டம். வீட்டைப் புதுப்பிக்க வாங்கும் கடனுக்கு வரிச் சலுகை உண்டு என்று வங்கியில் சொல்வார்கள். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு, ஆண்டுக்கு 30,000 ரூபாய் வட்டி வரைதான் அந்தச் சலுகை. உங்கள் வருமானத்துக்கு வரியே வராது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

நகை வேண்டாம். அது உங்கள் மனைவியுடையது, அவருக்கோ இந்தக் குளமே வேண்டாம்.

மகன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அவர் அன்பாகத்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் பாதி என்பது கட்டுமானச் செலவில் பாதி. அவர் பிள்ளைகள் வருடத்தில் மூன்று வாரம் குளிக்க, மீதி நாட்கள் முழுக்க நீங்கள் மோட்டார் போட வேண்டும். அதனால் ஒளிக்காமல் பேசுங்கள்: "குளச் செலவு 9.8 லட்சமும் நீ தா, மாதம் 8,000 அம்மா கணக்குக்கு வந்துகொண்டே இருக்கட்டும், சரி என்றால் செய்கிறோம்." மகன் பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு, எவ்வளவு ஆனாலும், இங்கே வருமான வரி கிடையாது. அவர் ஒப்புக்கொண்டால் சந்தோஷம். குளத்தைச் சுற்றிப் பூட்டுப் போடும் வேலியும் அந்தக் கணக்கில் சேரட்டும், சின்னப் பிள்ளைகள் வரும் வீடு. தயங்கினால், அவருக்கும் அந்தக் குளம் அவ்வளவு முக்கியமில்லை என்று தெரிந்துவிடும்.

குளம் இருந்தால் வீட்டு விலை ஏறும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருப்பார். காட்பாடியில் வீடு பார்க்க வருகிறவர் கேட்பது சென்ட் கணக்கு, ரயில் நிலையம், விஐடி எவ்வளவு தூரம், அப்புறம் 'தண்ணி எப்படி?' என்பதுதான். மாடியில் மாணவர்களையோ, சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வந்து தங்குபவர்களையோ வைத்தாலும் குளத்துக்காக யாரும் கூடுதல் வாடகை தரப்போவதில்லை. திறந்த குளம் உங்களுக்குத்தான் கவலை.

நான் செய்யச் சொல்வது இது. எஃப்.டி.யில் 5 லட்சத்தை மருத்துவத்துக்கென்று தொடாமல் விடுங்கள். மீதி 3 லட்சம்தான் கொல்லையின் பட்ஜெட். அதில் முதலில் சுவர். சாய்ந்த சுவர் பக்கத்து வீட்டுப் பக்கம் விழுந்தால் அந்தச் செலவுக்கு எல்லை இல்லை. அடுத்து மழைத் தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும்படி தரையின் வாட்டம். புல்வெளியை அடித்துவிடுங்கள், சித்திரை வெயிலில் அதற்கு ஊற்றும் தண்ணீரில் இரண்டு முருங்கை, ஒரு எலுமிச்சை, கீரைப் பாத்தி எல்லாம் வளரும். நடக்கிற பாதைக்கு மட்டும் கல் பதித்தால் போதும்.

குளத்தை என்ன செய்வது என்பதைக் காசில்லாத ஒரு சோதனை சொல்லிவிடும். மழை இல்லாத இரண்டு நாள் பாருங்கள். குளத்தின் படியில் ஒரு வாளியைத் தண்ணீர் நிரப்பி வைத்து, வாளிக்குள் ஒரு கோடு, குளத்துச் சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகம் இறங்கினால் கசிவு. பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்பதால் இது கீழ்ப்பாதிக்கு மட்டுமே பதில் சொல்லும், மேல்பாதியைக் கொத்தனார் தட்டிப் பார்க்கட்டும்.

கசியவில்லை என்றால் அது ஒரு நல்ல மழைநீர்த் தொட்டி. 1,400 சதுர அடி மொட்டை மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம், ஐப்பசி கார்த்திகையில் நிறைந்துவிடும். மேலே கான்கிரீட் மூடி போட வேண்டும். 4 மீட்டர் அகலத்துக்கு உத்தரம் தேவை, அதைச் சிவில் இன்ஜினியர் வரைந்து கொடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள். 3 லட்சத்தில் சுவர் போக மிஞ்சியது போதாவிட்டால், மகன் தருவதாகச் சொன்னதில் ஒரு பகுதியை இதற்குக் கேளுங்கள். கசிகிறது என்றால் உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. அடித்தளத்தில் சில இடங்களில் துளை போட்டுவிட்டுத்தான் மண் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வாழை அழுகும்.

எதுவானாலும் அடைமழைக் காலத்தில் குளத்தை முழுக்க இறைக்காதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலித் தொட்டியைக் கீழிருந்து தண்ணீர் தள்ளும், அடித்தளம் விரிசல் விடும். அதுவரை கொசுவுக்குக் கம்பூசியா மீன் விடுங்கள். டெங்கு காலத்தில் மாநகராட்சி ஆட்கள் தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் அபராதம் போடுவார்கள்.

கான்ட்ராக்டரிடம் சுவர், தரை, குளம் மூன்றுக்கும் தனித்தனியாக, ஜிஎஸ்டி சேர்த்து எழுதி வாங்குங்கள். 14.5 லட்சத்தில் 18% அடங்கியிருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. அடங்கவில்லை என்றால் இன்னும் 2.61 லட்சம். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து பில்லைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்க நேர்ந்தால், புதிதாகக் கட்டிய சுவர், தொட்டி போன்றவற்றின் செலவை வீட்டின் அடக்க விலையோடு கூட்டிக் காட்டி, விற்ற லாபத்துக்கான வரியைக் குறைக்கலாம். பூச்சு, ஒட்டு வேலைக்கு அது பொருந்தாது. சுவர் வேலையை மட்டும் ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள், குளம் காத்திருக்கலாம்.