வாய்ஸ் டைப்பிங்கில் பேச்சுத்தமிழ் அப்படியே விழுகிறதா?

வேளச்சேரி அம்மாவுக்கு: ஆறாம் வகுப்புப் பையன் வாயால் பதில் சொல்கிறான், எழுத்தில் தடுமாறுகிறான், டேப்லெட்டில் பேசினால் ‘வந்துச்சு, போச்சு’ என்றே விழுகிறது என்றீர்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் தவறில்லை; கேட்டதைத்தான் எழுதும்.

முதலில் பேச்சுத்தமிழிலேயே முழுப் பதிலையும் சொல்லட்டும். எழுத்துத்தமிழாகத் திருத்துவது பிறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் யோசனை அறுந்துவிடும், எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிக்கலே அங்கேதான். ஐந்தாறு சொற்களில் ஒரு வாக்கியம். நிறுத்தி யோசித்தால் மைக் அணைந்துவிடும், மறுபடி தொடவேண்டும். முற்றுப்புள்ளியைக் கையால் வைக்கட்டும். ஃபேன் இரைச்சல் இருந்தால் மைக் உள்ள இயர்போன்.

கணக்குக்கு இது உதவாது. பெரிய கட்டம் போட்ட நோட்டே மேல்.

சிபிஎஸ்இ என்றால், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழோடு பொதுத்தேர்வில் எழுத்தரும் (அவன் சொல்வதை எழுதுபவர்) 3 மணி நேரத் தாளுக்கு 1 மணி கூடுதலும் கேட்கலாம். அந்தக் குறைபாடு உண்டா என்ற மதிப்பீட்டுக்கு, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டில் விசாரியுங்கள்.