பொள்ளாச்சியில் முதல் ஊசி, கொழிஞ்சாம்பாறையில் இரண்டாவது: நாய்க்கடி அட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இங்கே தென்னந்தோப்பு வேலைக்கு வருபவர்களில் பலருக்கு வீடு ஆனைமலை, பொள்ளாச்சி பக்கம். நாய் கடித்தால் முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு, மீதிக்கு எங்களிடம் வருகிறார்கள். சிலர் நாள் தவறி வருகிறார்கள். அங்கே தோலில் போடுகிறார்கள், நாங்கள் தசையில் போடுகிறோம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, டாக்டர்?

பதில்: வேண்டாம், சிஸ்டர். நாள் தவறினாலும், ஊர் மாறினாலும், மருந்துக் கம்பெனி மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வேறு வழியில்லாதபோது தோலிலிருந்து தசைக்கு மாற்றுவதும் சரிதான். ஆனால் மாற்றிய பிறகு புது முறையின் நாள் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோலில் என்றால் 0, 3, 7, 28. ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் தலா 0.1 மி.லி. தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. ஆக, அங்கே தோலில் ஆரம்பித்தவருக்கு நீங்கள் தசையில் தொடர்ந்தால் 14-ஆம் நாள் ஊசியும் உண்டு. அவர் கொண்டுவரும் அட்டையில் அதற்குக் கட்டமே இருக்காது, நீங்கள்தான் பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டும். தசையில் போடும்போது குப்பி 0.5 மி.லி.யாக இருந்தாலும் 1 மி.லி.யாக இருந்தாலும் முழுசும் ஒருவருக்கே. போடும் இடம் தோள்பட்டைத் தசை, சின்னக் குழந்தைக்குத் தொடையின் வெளிப்பக்கம். புட்டத்தில் போடவே கூடாது.

எனக்குக் கவலை ஊசித் தேதியைவிட சீரத்தைப் பற்றித்தான், அதாவது காயத்தைச் சுற்றிப் போடும், எதிர்ப்புச் சக்தி தயாராகவே உள்ள மருந்து. அட்டையை வாங்கியதும் முதலில் அதைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு தேதி, ‘ஏ.ஆர்.வி.’ (ரேபிஸ் தடுப்பூசி) அல்லது ‘ஐ.டி.ஆர்.வி.’ (தோலில் போடும் ரேபிஸ் தடுப்பூசி) என்று ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் இருக்கும். சீரம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னால் கெண்டைக்காலில் நாலு பல் பதிந்து, ரத்தம் கட்டி உலர்ந்திருக்கும். அது மூன்றாம் வகைக் கடி. தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, திறந்த புண்ணில் நாக்கு பட்டாலோ, கண்ணிலும் வாயிலும் எச்சில் தெறித்தாலோ இந்த வகையில்தான் சேரும். தடுப்பூசி போட்ட உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியைத் தடுத்து நிறுத்துவது சீரம்தான்.

முதல் நாளே போட்டிருக்க வேண்டிய மருந்து அது. விட்டுப்போயிருந்தால், முதல் ஊசி போட்டதிலிருந்து 7 நாள் வரை போடலாம், அதற்கு மேல் போடுவதில்லை. ஆகவே மூன்றாம் நாள் ஊசிக்கு உங்களிடம் வருகிறவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ‘காயத்தைச் சுற்றி ஊசி குத்தினார்களா, எடை பார்த்தார்களா?’ என்று கேளுங்கள். சீரத்தின் அளவு எடையைப் பொறுத்தது: மனிதச் சீரம் கிலோவுக்கு 20 யூனிட், குதிரைச் சீரம் 40 யூனிட். கையில் மட்டும் போட்டார்கள் என்று சொன்னால், உங்கள் டாக்டரிடம் உடனே காட்டிவிட்டு, சித்தூர் தாலூகா ஆஸ்பத்திரிக்கோ பாலக்காட்டுக்கோ போன் செய்து, சீரம் கையிருப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். தினக்கூலிக்காரரை இரண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டால் மூன்றாவதுக்குப் போகமாட்டார், வீட்டுக்குத்தான் போவார்.

அப்புறம் நாள் கணக்கு. ‘0’ என்பது கடித்த நாள் இல்லை, முதல் ஊசி போட்ட நாள். ஞாயிறு கடித்து திங்கள் ஊசி போட்டால், திங்கள்தான் 0. மூன்றாம் நாள் வியாழன். 7, 14, 28 எல்லாமே திங்கள்தான் வரும். இப்படிக் கிழமையாகச் சொன்னால் படிக்காதவரும் மறக்கமாட்டார். வியாழக்கிழமை ஆரம்பிக்கிறவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அவர்களுக்கு மூன்றாம் நாள் ஞாயிறு. உங்கள் கிளினிக் பூட்டியிருக்கும் என்றால் எங்கே போக வேண்டும் என்பதை வியாழனே அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

புதிதாகக் கடிபட்டு வருபவரை டோக்கன் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். நேராகக் குழாயடிக்கு அனுப்பி, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எது அப்பியிருந்தாலும் கழுவி எடுக்க வேண்டும். இதை வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள், அவர்தான் முதலில் பார்க்கிறார். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு வருகிறேன் என்பவரையும் விடாதீர்கள். நாயைக் கவனிக்கட்டும், ஊசி இன்றே தொடங்கட்டும். பூனையோ குரங்கோ கடித்தாலும் ஊசி அன்றே தொடங்க வேண்டும். கர்ப்பிணி என்று தயங்கவும் வேண்டாம். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றியும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

உங்கள் பதிவேட்டில் ஊசித் தேதியோடு தோலா தசையா, மருந்தின் பெயர், பேட்ச் எண், சீரம் போட்டதா இல்லையா, எந்த ஊரில் என்பதையும் எழுதுங்கள். அதையே அட்டையிலும் எழுதி, அட்டையை அவர் போனிலேயே படம் எடுத்துக் கொடுங்கள். முழுக் கோர்ஸும் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3 என இரண்டு நாள் ஊசி போதும், சீரம் தேவையில்லை. ஆனால் எழுத்தில் ஆதாரம் இருந்தால்தான் அப்படி விடலாம். இல்லாவிட்டால் முதல் தடவை கடிபட்டவராகவே வைத்து, சீரம் உட்பட எல்லாம் போட வேண்டும்.