ரஷ்யாவின் மெட்ரோஜெட் விமான நிறுவனம் மூடப்பட்டதற்கு, 2015-இல் அதன் விமானத்தில் நடந்த சினாய் குண்டுவெடிப்பு மட்டும்தான் காரணமா?

குண்டுவெடிப்பு பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. அது ஒன்றுதான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். சுற்றுலா நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருந்து சார்ட்டர் விமானங்களுக்கு, அதாவது சுற்றுலா நிறுவனங்கள் மொத்தமாகப் பேசி எடுக்கும் விமானங்களுக்கு, முன்பணம் கட்டும் வேலையைச் சில காலம் பார்த்தவன் என்பதால், இந்நிறுவனத்தின் முடிவை அதன் வரவு செலவிலிருந்து பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது.

மெட்ரோஜெட் என்பது பின்னாளில் சூட்டிய வணிகப் பெயர். நிறுவனத்தின் உண்மைப் பெயர் கோகலிமாவியா, சுருக்கமாகக் கோலாவியா. 1993-இல், மேற்குச் சைபீரியாவின் எண்ணெய் நகரமான கோகலிமில் தொடங்கப்பட்டது. லுக்ஆயில் என்ற பெரிய எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘க்’ இந்த ஊரின் முதலெழுத்துதான் என்றால், அந்த ஊர் எதை நம்பி வாழ்ந்தது என்பது விளங்கும். சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு ஏரோஃபிளாட் என்ற ஒரே பெரும் அமைப்பு துண்டு துண்டாகப் பிரிந்து, ஊருக்கொரு விமான நிறுவனம் முளைத்த காலம் அது. சோவியத் காலத் தயாரிப்பான பழைய துப்பொலேவ் விமானங்களை வைத்துக்கொண்டு சைபீரியாவிலிருந்து மாஸ்கோவுக்கும் பிற ஊர்களுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதில் கோலாவியாவின் பிழைப்பு ஓடியது.

அந்தப் பழைய விமானங்களே அதற்குக் கெட்ட பெயரையும் தேடித் தந்தன. 2010 ஜனவரியில், ஈரானின் தாபான் ஏர் நிறுவனத்துக்காகப் பறந்துகொண்டிருந்த கோலாவியாவின் துப்பொலேவ்-154 மஷ்ஹத் நகரில் தரையிறங்கும்போது உடைந்து தீப்பற்றியது. உள்ளே இருந்த அனைவரும் உயிர் தப்பினார்கள். ஓராண்டுக்குள், 2011 ஜனவரி 1 அன்று, சுர்குத் விமான நிலையத்தில் மாஸ்கோ செல்லவிருந்த இன்னொரு துப்பொலேவ்-154 தரையிலேயே எரிந்துபோனது. என்ஜின்களை இயக்கியபின் மின்னாக்கிகளை இணைக்கும் இடத்தில் ஏற்பட்ட மின்பொறியே தீக்குக் காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. மூவர் இறந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அடுத்த ஆண்டே மெட்ரோஜெட் என்ற புதுப்பெயர் வந்தது. பெயர் மாற்றம் பழையதை மறைக்கத்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்; ஆனால் சார்ட்டர் தொழிலில் அதற்குப் பெரிய தடையும் இருக்காது. பயணி டிக்கெட் வாங்குவதில்லை, ஏழு நாள் கடற்கரை விடுதியோடு சேர்ந்த தொகுப்பை வாங்குகிறார். எந்த நிறுவனத்தின் விமானம் என்பது பயணச்சீட்டு கைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியும். இருக்கைகளை மொத்தமாகப் பேசி எடுப்பது சுற்றுலா நிறுவனம். மெட்ரோஜெட்டைப் பொறுத்தவரை, அதே குழுமத்தைச் சேர்ந்த பிரிஸ்கோ என்ற சுற்றுலா நிறுவனமே முக்கியமான வாடிக்கையாளர். இப்படி ஒரே வீட்டுக்குள் வாங்குபவரும் விற்பவரும் இருந்தால் பருவம் நன்றாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. சந்தை சுருங்கினால் இரண்டும் சேர்ந்தே முழுகும்.

விமானங்களோ வாடகைக்கு எடுத்த ஏர்பஸ்கள். குத்தகை கொடுத்தவர்கள் தேவைப்பட்டால் எளிதாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வசதியாக அவை அயர்லாந்தில் பதிவானவை. வால் பகுதியில் ‘ஈஐ’ என்று தொடங்கும் எண்ணைக் காணலாம். வாடகையை டாலரில் கட்ட வேண்டும், வருமானமோ ரூபிளில். 2014-இன் நடுவில் ஒரு டாலருக்கு 35 ரூபிள் அளவில் இருந்தது, அந்த ஆண்டின் டிசம்பரில் 60-ஐத் தாண்டிவிட்டது. அதே கோடையில் நேவா, லபிரிந்த் போன்ற ரஷ்யச் சுற்றுலா நிறுவனங்கள் வரிசையாகக் கைவிரித்திருந்தன. 2015 விபத்துக்குப் பிறகு ரஷ்யத் தொழிலாளர் துறை பார்த்தபோது, மெட்ரோஜெட் ஊழியர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று தெரியவந்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே கையில் காசில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

2015 அக்டோபர் 31 அதிகாலையில் எகிப்தின் ஷரம் அல்-ஷேக்கிலிருந்து புனித பீட்டர்ஸ்பர்க் நோக்கிப் புறப்பட்ட மெட்ரோஜெட்டின் ஏர்பஸ் ஏ321 விமானம், இருபத்து மூன்று நிமிடங்களில் சினாய் தீபகற்பத்தின் மேல் சிதறியது. 224 பேரும் மாண்டார்கள். அந்த விமானம் 2001-இல், வேறொரு நிறுவனத்திடம் இருந்தபோது, கெய்ரோவில் வால் தரையில் உரசிப் பழுது பார்க்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்ததும், பழி நேராக மெட்ரோஜெட்டின் மேல் விழுந்தது. நவம்பர் 2 அன்று நிறுவனத்தின் அதிகாரிகள், வெளியிலிருந்து வந்த பாதிப்பைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்றார்கள். அதற்கு ரஷ்ய விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் நெராட்கோ, இது அவசரப்பட்ட பேச்சு என்று பதிலளித்தார். ஆனால் நவம்பர் 17 அன்று ரஷ்யப் பாதுகாப்புச் சேவையின் தலைவர் போர்ட்னிகோவ், சுமார் ஒரு கிலோ டிஎன்டிக்கு ஈடான வெடிபொருள் வெடித்தது என்று அறிவித்தார். அவ்வகையில் நிறுவனம் சொன்னது சரியாகவே இருந்தது. ஐஎஸ் அமைப்பு பின்னர் ஒரு குளிர்பான டப்பாவின் படத்தைத் தன் இதழில் வெளியிட்டு, குண்டு அதில்தான் வைக்கப்பட்டது என்றது.

பழி நீங்கினாலும் பிழைப்பு திரும்பவில்லை. நவம்பர் 6 அன்றே எகிப்துக்கான விமானங்களை ரஷ்யா நிறுத்தியிருந்தது. அங்கிருந்த சுற்றுலாப் பயணிகள் கைப்பையோடு மட்டும் ஏற்றப்பட, அவர்களது பெட்டிகள் தனி விமானங்களில் வந்து சேர்ந்தன. அந்த மாதம் 24-ஆம் தேதி துருக்கி ரஷ்யப் போர்விமானத்தைச் சுட்டு வீழ்த்த, நான்கு நாட்களில் துருக்கிக்கான சார்ட்டர் விமானங்களுக்கும் தடை வந்தது. ரஷ்யச் சார்ட்டர் தொழிலின் இரண்டு பெரிய சந்தைகள் ஒரே மாதத்தில் அடைபட்டன. வழக்கமான வழித்தடங்களில் காலூன்றிய நிறுவனமானால் விமானங்களை உள்நாட்டுக்குத் திருப்பிவிட்டுத் தாக்குப்பிடித்திருக்கும். மெட்ரோஜெட்டுக்குப் பெயரைக் கேட்டு வரும் பயணி என்று யாரும் இல்லை, இருந்த பெயரும் விபத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குத்தகை விமானங்கள் கைவிட்டுப் போயின. துருக்கிக்கான தடை 2016 ஆகஸ்டில் நீங்கியது, எகிப்தின் கடற்கரை நகரங்களுக்கு 2021 ஆகஸ்டில்தான் விமானங்கள் மீண்டும் பறந்தன. அத்தனை காலம் காத்திருக்கும் அளவுக்குக் கோலாவியாவின் பெட்டியில் என்றுமே பணம் இருந்ததில்லை என்பது என் கணிப்பு.