இலவச லைசென்ஸ், டி-ஷர்ட், ஸ்பான்சர் பணம்: ஓப்பன் சோர்ஸ் கேள்வி-பதில்

நிரல் எழுதும் கருவிகள் விற்கும் ஜெட்பிரெய்ன்ஸின் இலவச லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். என் நிரல் முழுக்க, நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் பொதுவில்தானே இருக்கிறது? (பல்லாவரம்)

உங்கள் ரெப்போவை (நிரல் இருக்கும் கிடங்கை) திறந்து பார்த்தேன், லைசென்ஸ் கோப்பே இல்லை. பொதுவில் கிடப்பதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது என்று எத்தனை தடவைதான் எழுதுவது! உரிமம் சொல்லாத நிரல் உங்கள் சொத்து, மற்றவர்கள் எடுத்தாள அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். எம்ஐடி உரிமமோ ஜிபிஎல் உரிமமோ, ஒன்றைப் போடுங்கள். ஜெட்பிரெய்ன்ஸுக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு: ப்ராஜெக்ட் மூன்று மாதமாவது சுறுசுறுப்பாக ஓடியிருக்க வேண்டும், காசுக்கு விற்கும் பதிப்பு இருக்கக் கூடாது. கிடைத்தாலும் ஒரு வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்காதீர்கள், அது விதிமீறல்.

நிரலைத் தானாகச் சோதிக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குக் காசு கட்ட வேண்டுமா? (பெரம்பூர்)

பொது ரெப்போ, சாதாரண ரன்னர் (அதை ஓட்டும் கணினி) என்றால் வேண்டாம். பெரிய ரன்னருக்குக் கட்ட வேண்டும்.

கல்லூரியில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் பற்றிச் சொன்னார்கள். நான்கே புல் ரிக்வெஸ்ட்டில் (ப்ராஜெக்ட்டுக்கு அனுப்பும் திருத்தத்தில்) டி-ஷர்ட் வாங்க சுலபமான ரெப்போ பட்டியல் கிடைக்குமா? (தாம்பரம், மாணவர்)

கிடைக்காது. முதலில், நீங்கள் கேள்விப்பட்டது பழைய கதை. ஓப்பன் சோர்ஸில் பங்களிக்கச் சொல்லி டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-ல் தொடங்கிய அக்டோபர் நிகழ்ச்சி அது, 2023-ல் டி-ஷர்ட்டை நிறுத்திவிட்டு டிஜிட்டல் பேட்ஜுக்கு மாறினார்கள். அந்த டி-ஷர்ட் ஆசை என்ன செய்தது தெரியுமா? 2020 அக்டோபரில், ப்ராஜெக்ட்டை அறிமுகப்படுத்தும் ரீட்மி கோப்பின் தலைப்பில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று ஒரு வரி, ஒரு காற்புள்ளி, ஒரு காலி இடம், இப்படி வந்து குவிந்த புல் ரிக்வெஸ்ட்டுகளை மூடி மூடியே பராமரிப்பாளர்களுக்கு வேலை சரியாகப்போனது. அவர்களில் பலருக்கு இதற்குச் சம்பளம் கிடையாது; பகல் முழுக்க ஆபீஸ், ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்தால் இந்தக் குப்பை. கடைசியில் அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, கலந்துகொள்ளச் சம்மதித்த ரெப்போக்களுக்கு அனுப்பியது மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு முந்நூறு ரூபாய் பனியனுக்கு! டி. நகரில் பேரம் பேசினால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

இதில் நம் ஊர் மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், எண்ணிக்கையைக் காட்டினால் சான்றிதழ் என்று தூண்டிவிடும் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. உண்மையாகவே ஏதாவது செய்ய ஆசை இருந்தால் நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை எடுங்கள், அதில் தமிழ் எழுத்து எங்கே உடைகிறது என்று பாருங்கள், எந்தப் பதிப்பில் எப்படி உடைகிறது என்று படத்தோடு ஒரு பிழை அறிக்கை எழுதுங்கள். ஒரே ஒரு நல்ல அறிக்கை, உங்கள் நாலு புல் ரிக்வெஸ்ட்டைவிடப் பெரிது.

ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் இடம் உறுதி, பதினைந்தாயிரம் கட்டுங்கள் என்கிறார் ஒருவர்.

மோசடி. அதற்குக் கட்டணமே கிடையாது, இடம் வாங்கித் தரும் ஏஜென்ட்டும் கிடையாது. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம், 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அமெரிக்க நண்பர் சொன்ன தொகையை நம்பி பைக் புக் செய்யாதீர்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஆதரவாளர்கள் பணம் அனுப்பும் கிட்ஹப் ஸ்பான்சர்ஸில் வரும் பணத்தை அன்பளிப்பு என்று காட்டினால் வரி இல்லையாமே? (சோழிங்கநல்லூர்)

யார் சொன்னது? உறவினர் அல்லாதவர்கள் தந்த அன்பளிப்பு வருடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் மொத்தத்துக்கும் வரி உண்டு. தொடர்ந்து வேலை செய்து தொடர்ந்து வாங்கும் பணத்தை அன்பளிப்பு என்பதே முதலில் நிற்காது. தனிநபர் ஸ்பான்சர் தரும் பணத்தில் கிட்ஹப் பங்கு பிடிப்பதில்லை, அது நல்ல விஷயம். அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவத்தைச் சரியாக நிரப்புங்கள், வங்கி தரும் வரவுச் சான்றை எடுத்து வையுங்கள், வரிக் கணக்கு கொடுக்கும் கடைசி நேரத்தில் ஓடாமல் ஏப்ரலிலேயே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஏஆர்எம், பவர் என்ற வேறு வகைச் செயலிகள் உள்ள கணினிகளில் என் நிரலைச் சோதிக்க வசதி இல்லை. என்ன செய்ய?

ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்று பலவகைக் கணினிகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது, தொலைவிலிருந்தே பயன்படுத்தலாம். கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு இலவசம், கணக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நல்ல வசதி, நம்மவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

இலவச சர்வர் தரும் அமைப்பை நம்பி ப்ராஜெக்ட் தளத்தை அங்கேயே வைக்கலாமா? (அண்ணா நகர்)

வைக்கலாம், நம்பத்தான் கூடாது. நிரல்களைத் தானாகச் சோதிக்கும் டிராவிஸ் சிஐ 2020 கடைசியில் ஓப்பன் சோர்ஸுக்கான வரம்பில்லாத இலவசத்தைச் சுருட்டிக்கொண்டது, இலவச சர்வர் தந்த ஃபாஸ்ஹோஸ்ட் 2022 டிசம்பரில் கடையையே மூடியது. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் காசில் இருக்கட்டும், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான். பேக்கப் வேறு இடத்தில். லைசென்ஸ் கோப்பும் இருக்கிறதா பாருங்கள்.

வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகச் செலவு தருவார்களா?

பங்களிப்பு இருந்தால் தருவார்கள். டெபியன், க்னோம் என்ற இரண்டு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டிலும் பயண உதவி உண்டு, 2023-ல் டெபியன் மாநாடான டெப்கான்ஃப் கொச்சிக்கே வந்தது. "நான் ஆர்வமாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் கிடைக்காது, என்ன செய்தீர்கள் என்று சுட்டிகளோடு எழுதுங்கள். அதற்கு முன் நம்மூர் ஐலக்சி (லினக்ஸ் குழு), சென்னைபை (பைதான் குழு) கூட்டங்களுக்கு ஒரு நடை போய் வாருங்கள், அதற்கு விசா வேண்டாம்.

வெளிநாட்டு ப்ராஜெக்ட் அனுப்பிய டி-ஷர்ட் பார்சலுக்குச் சுங்க வரி கேட்கிறார்கள். பரிசுக்கு ஐயாயிரம் வரை விலக்கு இல்லையா? (குரோம்பேட்டை)

இருந்தது, 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். கூரியர்காரர் ஆதார், பான் நகல் கேட்பது வழக்கம்தான். ஆனால் அதைக் கேட்டு எஸ்எம்எஸ்ஸில் லிங்க் வந்தால், பார்சல் எண்ணைக் கூரியர் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.