ஜெராக்ஸ் எடுக்கவா பேங்குக்கு அனுப்பினோம்?

அம்மா, நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு, பெரிய அரசு வங்கி ஒன்றின் கிளையில் ஆறு வார இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். பத்து நாள் ஆகிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கிறாள், வருகிறவர்களுக்குச் சலான் எழுதிக் கொடுக்கிறாள், பாஸ்புக் என்ட்ரி மெஷின் பக்கத்தில் நிற்கிறாள். "இதுக்காம்மா தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறேன்" என்று ராத்திரி அழுகிறாள். நிறுத்திவிடலாமா, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தால் அங்கேயே ஒரு வேலை போட்டுக் கொடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போட்டுக் கொடுக்க மாட்டார்கள். மேனேஜர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அது அவர் கையில் இல்லை. ஸ்டேட் பேங்க் தன் ஆட்களுக்குத் தானே தேர்வு நடத்துகிறது. மற்ற 11 அரசு வங்கிகளின் கிளார்க், பி.ஓ. (அதிகாரி) வேலைக்கு ஐ.பி.பி.எஸ். என்கிற அமைப்பு நடத்தும் பொதுத் தேர்வு. அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். இன்டர்ன்ஷிப் செய்தவர் என்பதற்காக அதில் ஒரு மார்க் கூடக் கிடையாது. இதைச் சொல்லாமல் "போய்ட்டு வா, யூஸ் ஆகும்" என்று அனுப்புகிற கல்லூரிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

பிறகு எதற்குப் போக வேண்டும்? என்னிடம் வருகிற பிள்ளைகளில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஏராளம். டிகிரி முடித்து இரண்டு வருஷம், மூன்று வருஷம் கோச்சிங் சென்டர், ஹாஸ்டல், மாதிரித் தேர்வு என்று போகிறது. அவர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று: "கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கியா?" அநேகமாக ஒருவரும் இல்லை. முப்பது வருஷம் செய்யப்போகும் வேலையை ஒரு நாள் கூடப் பார்க்காமல் மூன்று வருஷத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டைக்கூட நாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தானே சம்மதம் சொல்கிறோம்! உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு இருபது வயதிலேயே வந்திருக்கிறது. அதை நிறுத்தாதீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் தேனிப் பக்கத்து மாணவி ஒருத்தி இதே புகாரோடு என்னிடம் வந்தாள். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். முதல் வாரம் அவளை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. "ஏம்மா, இந்த ஃபார்மை ரெண்டு காப்பி எடு" அவ்வளவுதான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. ஊழியர்களிடம் போய் "எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேட்காதே, யாருக்கும் நேரம் இருக்காது. எந்த மேஜையில் கூட்டம் அதிகமோ, அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உதவிக்கு உட்கார்ந்துவிடு.

அவள் நகைக்கடன் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஜூன் முதல் வாரம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கேட்க வேண்டுமா! நகை மதிப்பீட்டாளர் எடைத் தட்டில் ஒரு ஆரத்தை வைக்கிறார். 24 கிராம் காட்டுகிறது. உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு திராவகம் விட்டுப் பார்க்கிறார். கோடு மங்காமல் நிற்கிறது, தங்கம் நல்ல தங்கம். அப்புறம் கல்லுக்கு, உள்ளே இருக்கிற அரக்குக்கு என்று கழித்து நான்கரை கிராமைக் குறைத்து எழுதுகிறார். கொண்டுவந்த அம்மாவுக்குக் கோபம். "கடையில வாங்குறப்ப கல்லுக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தேன்?" நியாயமான கேள்விதான். மதிப்பீட்டாளர் பதில் சொல்லவில்லை. நம் மாணவிதான் ஒரு துண்டுச் சீட்டில் மொத்த எடை, நிகர எடை, அன்றைக்கு வங்கி போட்டிருந்த கிராம் விலை மூன்றையும் எழுதிப் பெருக்கிக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா சமாதானம் ஆகவில்லை, ஆனால் கணக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்த மேஜையில் கணக்கு விளக்கிச் சொல்வது இவள் வேலையாகிவிட்டது.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவள் கற்றதைப் பட்டியல் போட்டால் எந்தப் பாடப்புத்தகமும் கிட்டே வராது. நகை மதிப்பில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் கடன் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்வது ரிசர்வ் வங்கி. பல ஆண்டுகளாக இருந்த 75 சதவீத வரம்பை, பிறகு 2025 ஜூனில் வந்த விதிகளில், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 என்று தளர்த்தினார்கள். ஒரே மாதிரி சங்கிலிதான், ஆனால் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கொண்டுவந்தவருக்கு விவசாயக் கடன் வட்டி, கொண்டுவராதவருக்கு வேறு வட்டி. பொதுவாக, கட்ட வேண்டிய பணம் கெடு தாண்டி 90 நாளுக்கு மேல் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன். மதியம் மூன்று மணிக்கு மேல் மேனேஜர் ஏன் பாக்கி வைத்தவர்களைக் கூப்பிட்டபடி போனும் கையுமாக இருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியதாம்.

இன்னொன்றும் அவள் பார்த்தாள், அதைச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. ஒரு நாள் சாயங்காலம் கேஷ் கணக்கில் 500 ரூபாய் குறைந்தது. கட்டுகளைப் பிரித்துத் திரும்ப எண்ணினார்கள், சலான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள், டிராயரைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார்கள். ஏழு மணி ஆனது. கிடைக்கவில்லை. கேஷியர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார், கணக்கை முடித்தார், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நாளைக்கு கிடைச்சிருமா சார்?" என்று இவள் கேட்டதற்கு அவர் சிரித்தாராம், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரியே என்னைக் கூப்பிட்டாள். "எனக்கு கேஷ்ல உக்காரப் பயமா இருக்கு சார். ஆனா லோன் டேபிள் பிடிச்சிருக்கு." கோச்சிங் சென்டரில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்திருக்காது. அதற்குப் பிறகு பேச வேண்டியது எளிதாகிவிட்டது. கிளார்க்காகச் சேர்ந்தால் கேஷ் கவுண்டரைத் தவிர்க்க முடியாது, ஆனால் பெரும்பாலும் நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கலாம். பி.ஓ.வாகச் சேர்ந்தால் கடன் பக்கம் போகலாம், ஆனால் போஸ்டிங் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் வரும். வீட்டில் அதற்குச் சம்மதமா என்று கேட்டேன். அப்பா ஒரு வாரம் யோசித்தார். இப்போது அவள் பி.ஓ.வுக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். மீதி இருப்பது ஏறக்குறைய ஒரு மாதம். தன்னைக் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை என்று குறை சொல்லியிருக்கிறாள். அது அவமரியாதை இல்லை, அவர்கள் செய்வதுதான் சரி. வங்கியில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஐ.டி., பாஸ்வேர்டு. எந்த ஐ.டி.யில் தவறு நடந்ததோ அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தில் யாராவது "என் ஐ.டி.லயே இதை அடிச்சிடும்மா" என்று சொன்னால், பணிவாக மறுக்கச் சொல்லுங்கள். "காலேஜ்ல கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்" என்றால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதேபோல வாடிக்கையாளரின் ஆதார், பான், கையெழுத்துப் படிவம் எதையும் போனில் படம் எடுக்கக் கூடாது. கவுண்டரில் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்து, பின்னால் யாரோ ஒருவருடைய பாஸ்புக் தெளிவாகத் தெரிந்து, பெரிய ரகளையான கதை எனக்குத் தெரியும்.

சலான் எழுதுவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கும்போது ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்: எதற்காக வருகிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எதற்காகத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். யார் பெயரும், கணக்கு எண்ணும் வேண்டாம். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்று கே.ஒய்.சி.யில் (அடையாளச் சரிபார்ப்பில்) மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு வாரத்தில் எத்தனை பேர் என்று எண்ணினாலே நல்ல ஒரு புராஜெக்ட் கையில் இருக்கிறது.

புராஜெக்ட் என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "வாடிக்கையாளர் திருப்தி, ஓர் ஆய்வு" என்று ஐம்பது கேள்வித்தாளை ஹாஸ்டலில் உட்கார்ந்து தோழிகளை வைத்து நிரப்பி, வட்டப்படம் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கோடு கொடுக்கிறார்களே, அதை யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடுகிற பேராசிரியரும் படிப்பதில்லை. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அந்த நோட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம் எழுதினால் போதும். பின்னாளில் அது உதவுகிற ஒரு இடமும் உண்டு. ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வில் மெயின்ஸ் என்கிற முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில்தான் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். அந்த 20-க்கான மேஜையில் "ஏன் வங்கி வேலை?" என்று கேட்டால் எல்லோரும் "சமூக சேவை சார்" என்பார்கள். இவளுக்குச் சொல்ல ஒரு கல் வைத்த ஆரமோ, ஒரு இனிஷியலோ இருக்கும்.

வயதைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்கு 28 வரை, பி.ஓ.வுக்கு 30 வரை எழுதலாம். பட்டியலினத்தவருக்கு ஐந்து வருஷமும், மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் மூன்று வருஷமும் கூடுதல். டிகிரி முடித்த பிறகு அவளுக்கு இதே வேலையை இன்னும் நெருங்கிப் பார்க்க ஆசை வந்தால் வங்கிகளின் அப்ரண்டிஸ் (தொழிற்பயிற்சி) அறிவிப்புகளைப் பாருங்கள். அது ஒரு வருஷம், உதவித்தொகையும் உண்டு. ஸ்டேட் பேங்க் மாதம் 15,000 ரூபாய் என்று அறிவித்து எடுத்திருக்கிறது. அது முடிந்தாலும் நிரந்தர வேலை என்று உத்தரவாதம் கிடையாது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். காசு கட்டினால் "பேங்க் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட்" தருகிறோம் என்று போனில் வருகிறவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரர்களிடம் பத்து அக்கவுண்ட், ஐந்து இன்சூரன்ஸ் பிடித்து வா, அதுதான் இன்டர்ன்ஷிப் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு வேறு பெயர்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சை மாதிரி இருக்கும். "இன்னைக்கு எந்த டேபிள்ல உக்காந்தே, யாரு சண்டை போட்டாங்க?" என்று கேளுங்கள், தானாகப் பேசுவாள். முடிகிற வாரத்தில் இந்த வேலை வேண்டாம் என்று சொன்னாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆறு வாரத்தில் அது தெரிந்தது உங்களுக்கு லாபம்.

கடைசியாக ஒரு விஷயம், இதை மட்டும் மறக்க வேண்டாம். வங்கியில் இது டிரான்ஸ்ஃபர் காலம். மேனேஜர் திடீரென்று ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார், புதிதாக வருகிறவருக்கு உங்கள் மகளைத் தெரியாது. சேர்ந்த தேதி, முடிகிற தேதி, எந்தெந்தப் பிரிவில் இருந்தாள் என்ற விவரம் மூன்றையும் அவளே ஒரு தாளில் எழுதி இந்த வெள்ளிக்கிழமையே கொடுத்து வைக்கட்டும், லெட்டர்ஹெட்டில் அடித்து முத்திரையோடு வாங்க வசதியாக இருக்கும்.